விண்வெளியில் கண்டம்: எதை முதலில் பார்ப்பது?

2020 ஊரடங்கில், டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் இருக்கும் என் செல்போன் சர்வீஸ் கடையின் ஷட்டர் இறங்கிக் கிடந்த நாட்களில்தான் எனக்குக் கண்டம் பிடித்தது. ஜோசியர் சொல்லும் கண்டம் இல்லை, ராட்சத ரோபோக்களில் ஏறிச் சண்டை போடும் ஜப்பான்காரர்களின் அனிமேஷன் கதை, ‘மொபைல் சூட் கண்டம்’. என் அக்கா இன்றைக்கும் “என்னடா, தண்ணியில கண்டமா?” என்றுதான் கேட்பாள். இல்லக்கா, இது விண்வெளியில்.

ஐந்து வருடம் ஆகிவிட்டது. முதன்மைக் கதையை இரண்டு முறை, இரண்டு வெவ்வேறு வரிசையில் பார்த்து முடித்திருக்கிறேன். ஒரு முறை கெடுத்துக்கொண்டு, ஒரு முறை ஒழுங்காக. அதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

பெயர் மட்டும் கேள்விப்பட்டவர்களுக்கு: 1979இல் யோஷியுகி தொமினோ இயக்கிய டிவி தொடரில் ஆரம்பித்தது. 52 எபிசோடு போக வேண்டியது, பார்க்க ஆள் இல்லை என்று 43இல் நிறுத்தினார்கள். மறு ஒளிபரப்பிலும், 1980இல் கடைக்கு வந்த பிளாஸ்டிக் மாடல்களாலும்தான் அது எழுந்து நின்றது. அப்புறம் இன்றுவரை தொடர், படம், வீடியோவுக்காகவே எடுத்தது என்று வந்துகொண்டே இருக்கிறது. இதில் வரிசைத் தலைவலி ‘யுனிவர்சல் செஞ்சுரி’ என்ற ஒரே காலக்கணக்கில் நடக்கும் கதைகளுக்கு மட்டும்தான். விங், சீட், டபுள் ஓ, அயர்ன் பிளடட் ஆர்ஃபன்ஸ், விட்ச் ஃப்ரம் மெர்குரி எல்லாம் வேறு வேறு உலகம். எதை வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள்.

நான் செய்த தப்புக்கு என் தொழிலும் ஒரு காரணம். போனைப் பிரிக்கும்போது ஒவ்வொரு ஸ்க்ரூவையும் கழற்றிய இடத்துக்கு நேராகப் பாயில் அடுக்குகிற ஆள் நான். நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து, கதைக்குள் நடக்கும் ஆண்டுகளை வரிசையாக எழுதினேன். முதலில் முன்கதை சொல்லும் ‘தி ஆரிஜின்’, அப்புறம் 1979 தொடர், நடுவில் எய்த்த் எம்எஸ் டீம், 0080, அடுத்து 0083, பிறகு ஸீட்டா. எல்லாம் கண்டம் கதைகளின் பெயர்கள்தான். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது அந்தப் பக்கம்.

முதல் அடி கண்ணுக்குத்தான். ஆரிஜின் 2015 முதல் 2018 வரை வந்தது. போர்க்கப்பல்கள் எல்லாம் பளபளவென்று பறக்கும். அதை முடித்த கையோடு 1979க்குப் போனால், கையால் வரைந்த, அங்கங்கே முகமே கோணலான படம். மறுபடி 1991இல் எடுத்த 0083 வந்ததும் மினுமினுப்பு. உடனே 1985இன் ஸீட்டா. நல்ல தார் ரோட்டில் போய்க்கொண்டிருக்கும்போது திடீர் திடீரென்று குழி வருகிற மாதிரி. பழைய படம் மட்டம் என்று சொல்லவில்லை. பக்கத்தில் எதை வைத்துப் பார்க்கிறோம் என்பதுதான் பிரச்சினை.

இரண்டாவது அடிதான் வலித்தது. முதல் தொடரில் ஷார் என்றொரு முகமூடிக்காரன் வருகிறான். சிவப்பு உடுப்பு, எதிரிப்படையின் நட்சத்திர வீரன். அவன் யார், மனதில் என்ன வைத்திருக்கிறான் என்பதைத் துளித்துளியாகத்தான் சொல்வார்கள். நான் ஆரிஜினில் அவனுடைய குழந்தைப் பருவத்திலிருந்து பார்த்துவிட்டு வந்தவன். பத்தாவது எபிசோடில், எதிரி நாட்டை ஆளும் ஸாபி குடும்பத்தின் கடைசி மகன் கார்மா ஷாரை நம்பிப் போய் மாட்டிக்கொள்ளும்போது, நான் தோசைக்குச் சட்னி ஊற்றிக்கொண்டிருந்தேன். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

2022இல், பிளஸ் டூ முடித்துவிட்டு அக்கா மகன் லீவுக்குத் திருமங்கலத்திலிருந்து வந்து உட்கார்ந்தான். “மாமா, எங்கருந்து ஆரம்பிக்கணும்?” என்றான். நோட்டைக் காட்டாமல் மறைத்துவிட்டு, 1981, 82இல் அந்தத் தொடரையே மூன்று படமாகத் தொகுத்து வெளியிட்டார்களே, அதில் முதல் படத்தைப் போட்டேன். கார்மா இடம் வந்தது. ஷார் ரேடியோவில் சிரிக்கிறான். மருமகன் ஃபேனுக்குக் கீழே படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். “இவன் அவனுக்குப் பிரெண்டுதான மாமா? எதுக்கு இப்படிப் பண்றான்?” நான் வாயைத் திறக்கவில்லை. “தெரியும்ல ஒங்களுக்கு? சொல்லிராதீக” என்று அவனே தடுத்தும்விட்டான். அதே காட்சியை நான் சட்னிக் கிண்ணத்தோடு பார்த்தது நினைவுக்கு வந்து வயிறு எரிந்தது.

அதிலிருந்து என் கட்சி ஒன்றுதான்: வெளியான வரிசை. கதையில் முந்தி நடப்பது வேறு, நமக்கு முந்திச் சொல்ல வேண்டியது வேறு. மதுரைக்காரனுக்கு இதை விளக்கவே வேண்டாம். தங்கச்சி கல்யாணத்துக்குக் கிளம்பிய அழகர், கல்யாணம் முடிந்துவிட்டது என்று கேட்டு ஆற்றோடு வண்டியூர்ப் பக்கம் போய்விடுகிறார் என்றுதான் நாம் சின்ன வயதிலிருந்து கேட்கிறோம். தனித்தனியாக நடந்த இரண்டு திருவிழாக்களைத் திருமலை நாயக்கர் காலத்தில் சேர்த்தார்கள் என்ற விவரம் பெரும்பாலும் வளர்ந்த பிறகுதான் காதில் விழுகிறது. அதை முதலில் சொல்லிவிட்டு அழகரைக் காட்டினால் எந்தப் பிள்ளை தோளில் ஏறி நின்று எட்டிப் பார்க்கும்? ஆரிஜினும் அப்படித்தான். ஷாரை முப்பது வருடத்துக்கு மேல் தெரிந்தவர்களுக்காக, முதல் தொடரின் கதாபாத்திரங்களை வரைந்த யசுஹிகோவே தன் மாங்காவிலிருந்து, அதாவது ஜப்பானியப் படக்கதையிலிருந்து, எடுத்தது. புதிதாக வருகிறவனுக்கான வாசல் இல்லை அது.

சரி, நடைமுறைக்கு வருகிறேன். 43 எபிசோடுக்குப் பதில் மூன்று படம் போதுமா? எனக்குப் போதும். சுமார் ஏழு மணி நேரத்தில் முடிந்துவிடும். மூன்றாவது படத்துக்கு நிறையப் புதிதாக வரைந்தார்கள். பொம்மை விற்பனைக்காகத் தொடரில் நுழைத்த ஜி ஆர்மர் என்ற ஒட்டு வண்டியையும் தூக்கிவிட்டார்கள். அடுத்தது ஸீட்டா, 50 எபிசோடு. இங்கே மட்டும் படத்தொகுப்பு வேண்டாம். 2005, 2006இல் வந்த மூன்று ஸீட்டா படங்களில் முடிவையே மாற்றிவிட்டார்கள். அதைப் பார்த்துவிட்டு அடுத்த தொடரான டபுள் ஸீட்டாவுக்குப் போனால் கதை ஒட்டாது. ஸீட்டாவில் ஷார் கறுப்புக் கண்ணாடியும் வேறு பெயருமாக வந்து நிற்பான். முதல் கதை தெரிந்தால்தான் அதில் சிரிப்பும் இருக்கிறது, சங்கடமும் இருக்கிறது.

டபுள் ஸீட்டா 47 எபிசோடு. ஆரம்பத்தில் கோமாளித்தனம் தாங்காது. மருமகன் நாலாவதிலேயே “இது என்ன மாமா சுட்டிப் பசங்க கூத்து” என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டான். இரண்டு வாரம் விட்டு மறுபடி பிடித்தோம். பாதிக்கு மேல் கனம் கூடுகிறது. அவசரக்காரர்கள் தாண்டிப் போனால் நான் சண்டைக்கு வர மாட்டேன். ஏனென்றால் 1988இன் ‘ஷார்ஸ் கவுன்டர் அட்டாக்’ படம் அது இல்லாமலும் புரியும். ஆனால் அந்தப் படத்தைத் தாண்டவே கூடாது. மருமகனுடைய நண்பன் ஒருவன் படம் அழகாக இருக்கிறதே என்று நேராக ‘யூனிகார்ன்’ என்ற கண்டம் கதையில் இறங்கினான். ஏழு பாகமும் பார்த்துவிட்டு, “அந்த முகமூடிக்காரனைப் பாத்து ஏன்டா எல்லாரும் பேயறஞ்ச மாதிரி நிக்கிறாய்ங்க?” என்று கேட்டானாம். யூனிகார்ன் நடப்பது 1988 படத்தின் கதைக்கு மூன்று வருடம் கழித்து. அது தெரியாவிட்டால் யூனிகார்னில் வருகிறவன் வெறும் முகமூடிக்காரன்தான். ‘ஹாதவே’ படமும் அதே கணக்கு. 1988 படத்தில் சின்னப் பையனாக வந்தவன்தான் அந்த 2021 படத்தின் நாயகன்.

இந்த வரிசைக்கெல்லாம் அடங்காத ஒன்றும் உண்டு. ரோபோ என்றாலே எழுந்து போய்விடும் என் மனைவி, ஒரு கரண்ட் கட் ராத்திரியில் வேறு வழியில்லாமல் என்னோடு 0080 பார்த்தாள். 1989இல் வந்தது, ஆறே பாகம். சண்டையை விளையாட்டு என்று நினைக்கிற ஒரு பள்ளிக்கூடத்துப் பையன், பக்கத்தில் ஒளிந்திருக்கும் ஓர் எதிரிச் சிப்பாய், அவ்வளவுதான் கதை. முன்கதை எதுவும் கேட்கவில்லை. கடைசிப் பாகம் முடிந்ததும் போனைப் பிடுங்கி அணைத்துவிட்டு, “இதையா பிள்ளைங்க படம்னு சொன்னீங்க?” என்றாள். அடுத்த இரண்டு நாள் கண்டம் பேச்சை எடுக்க விடவில்லை. பொறுமை இல்லாதவர்களுக்கு இப்போது அதைத்தான் முதலில் கொடுக்கிறேன்.

குறை என்று சொன்னால், எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்காததுதான். காசு கட்டிப் பார்த்த ஒரு தளத்தில் ஸீட்டா முப்பதாவது எபிசோடில் இருக்கும்போது ஒரு மாதப் பிறப்பன்று தொடரே காணாமல் போனது. பிறகு வேறு இடத்தில் தேடிப் பிடித்தேன். ஒன்றரை ஜிபி டேட்டாவில் ராத்திரிக்கு மூன்று எபிசோடு, அதுவும் தரத்தைக் குறைத்து வைத்து.

2025இல் ஜீக்வாக்ஸ் என்ற புதுக் கண்டம் தொடர் வந்தபோது மருமகன் கோவையில் ஹாஸ்டலில் இருந்தான். இரண்டாவது எபிசோடு 1979இன் முதல் காட்சியை அப்படியே தொடங்கும். அன்றைக்கு, எதிரியின் வெள்ளை ரோபோவான கண்டம் இருக்கும் இடத்துக்கு வெளியே நின்று ஆளனுப்பிய ஷார், இங்கே தானே உள்ளே நுழைகிறான். ராத்திரி பதினொன்றரைக்கு போன். “மாமா, செவப்புக்காரன் வெள்ளை வண்டில ஏறிட்டான் மாமா!” பின்னால் ரூம்மேட் குரல் கேட்டது: “ஏறுனா என்னடா இப்ப?”

ரூம்மேட்டுக்குப் போன வாரம் முதல் படம் பாதி முடிந்திருக்கிறதாம். கார்மா இன்னும் உயிரோடுதான் இருக்கிறானாம்.