கிடார்ல பரோக்: நான் திரும்பத் திரும்ப கேக்குற ஆல்பங்கள்

கிளாசிக்கல் கிடார்ல பாக், வைஸ் மாதிரி பரோக் காலத்து (1600-1750 வாக்குல) ஐரோப்பிய இசையமைப்பாளர்களை எல்லாம் வாசிச்ச ரெக்கார்டிங் ஏகப்பட்டது கெடக்கு, எதை கேக்கலாம்னு கேட்டா நான் பாக்குறது ஒன்னே ஒன்னு தான், பேஸ், அதாவது அடியில ஓடுற கீழ் நோட்டு வரிசை, எப்படி நடக்குதுன்னு. மேல ஓடுற மெலடிய யார் வேணா அழகா வாசிச்சிரலாம், கட்டைவிரல் கீழ என்ன பண்ணுதுங்கிறதுல தான் ஆளோட தரம் தெரியும்.

இதுல ஒரு சிக்கல் இருக்கு. சில்வியஸ் லியோபோல்ட் வைஸ் எழுதினது லூட்டுக்கு (கிடார் மாதிரி மீட்டுற பழைய வாத்தியம்), அவர் காலத்து லூட்ல 13 வரிசை ஸ்ட்ரிங், நம்ம கிடார்ல ஆறு தான். அதனால ரொம்ப கீழ இருக்குற நோட்டை எல்லாம் ஒரு ஆக்டேவ் மேல (அதே ஸ்வரம், அடுத்த மேல் ஸ்தாயில) தூக்கி வாசிக்கணும், அழகா படிப்படியா இறங்கி வந்துட்டு இருக்குற பேஸ் நடுவுல டக்குன்னு மேல தாவும், அதை காதுக்கு உறுத்தாம செய்றது தான் வித்தை.

முதல்ல இங்கிலாந்து கிடார் கலைஞர் ஜூலியன் ப்ரீம். 1966-ல ஆர்சிஏ கம்பெனி போட்ட 'பரோக் கிடார்' ஆல்பம், சான்ஸ், டி விசே, வைஸ், பாக்னு ஒரே ரெக்கார்டுல பரோக் முழுசுக்கும் ஒரு சுத்து சுத்தி காட்டிருவார். இதுல வைஸோட டோம்போ ஒன்னு இருக்கு, 1721-ல இறந்து போன லோகி பிரபுங்கிற இன்னொரு லூட் கலைஞருக்காக எழுதின இரங்கல் இசை. ப்ரீம் அதுல ஒவ்வொரு கார்டையும் நிறுத்தி நிதானமா வைக்கிறதை கேட்டா அடுத்த ட்ராக்குக்கு போகவே மனசு வராது.

அதே ஆல்பத்துல பாக்கோட ஃப்யூக், பிடபிள்யூவி 1000 (ஃப்யூக்னா ஒரே தீமை பல குரல் ஒன்னு பின்னாடி ஒன்னா எடுத்து பாடுற மாதிரி இசை, பிடபிள்யூவி பாக் படைப்புகளோட பட்டியல் எண்). ஒரே நோட்டை நாலு தடவ தட்டிட்டு கீழ இறங்குற சின்ன தீம், அது மேல, கீழ, நடுவுலன்னு மாத்தி மாத்தி வந்துட்டே இருக்கும். ப்ரீம் வலது கைய பிரிட்ஜ் பக்கம் கொண்டு போய் வறண்ட சத்தமா எடுப்பார், அப்புறம் சவுண்ட்ஹோல் பக்கம் வந்து இனிப்பா எடுப்பார், ஒரே கிடார்ல நாலு பேர் பேசுற மாதிரி இருக்கும். பேஸ் ஸ்ட்ரிங்ல கம்பி சுத்தி இருக்குறதால விரல் நகரும்போது க்ரீச்னு ஒரு சத்தம் வரும், சில பேருக்கு அது பிடிக்காது, எனக்கு அது இருந்தா தான் ஒரு மனுஷன் உக்காந்து வாசிக்கிறார்ங்கிற நெருக்கம் வருது.

இதே ஃப்யூக்கை இன்னொரு கிடார் கலைஞர் ஜான் வில்லியம்ஸ் கிட்ட கேளுங்க, 1975-ல வந்த பாக் லூட் இசை செட். சத்தத்தோட கலர் மாத்துற வேலையே பெருசா கிடையாது, டெம்போ அசையாது, ஆனா ஒவ்வொரு குரலும் தனித்தனியா நிக்கும். பக்கத்து வீட்டு தம்பி சர்ச் க்வயர்ல கிடார் வாசிக்கிறவன், ஒரு நாள் இது ஓடிட்டு இருக்கும்போது உள்ள வந்து "அண்ணே, இது ரெண்டு பேரு வாசிக்கிறாங்களா?"ன்னு கேட்டான். "ஒரே ஆளு தான்டா, கட்டைவிரலை மட்டும் கவனி"ன்னு சொன்னேன், முடியிற வரைக்கும் நின்னுட்டே கேட்டான். புதுசா கேக்க ஆரம்பிக்கிறவங்களுக்கு நான் கண்ண மூடிட்டு சொல்றது இந்த செட் தான். இதுல பிடபிள்யூவி 998-ஓட ப்ரெலூட் (ஆரம்ப பகுதி) முடியிறதுக்கு கொஞ்சம் முன்னாடி எல்லாம் நின்னு ஒரே ஒரு கார்டு தொங்கும், அந்த இடத்தை மிஸ் பண்ணாதீங்க.

பேஸை மேல தூக்காமலே வாசிக்கணும்னா ஸ்ட்ரிங்கை கூட்ட வேண்டியது தான். ஸ்வீடன்காரர் யோரான் சொல்ஷர் 11 ஸ்ட்ரிங் கிடார்ல அதை தான் பண்ணிருக்கார், 1980கள் ஆரம்பத்துல டாய்ச்ச கிராமஃபோன் கம்பெனி வெளியிட்டது. தாவலே இல்லாம பேஸ் கடைசி வரைக்கும் இறங்கும், கேக்க அவ்ளோ நிம்மதி. ஆனா டான்ஸ் பீஸ்ல எல்லாம் கொஞ்சம் அடக்கி வாசிக்கிறார், அங்க எனக்கு வில்லியம்ஸ் தான்.

அடுத்து ஷக்கோன், பாக்கோட பெரிய பீஸ் ஒன்னு. 1720-ல பாக் தன் கையால எழுதி வச்ச சோலோ வயலின் தொகுப்புல வர்றது, நாலு நாலு தாள வட்டமா (பார்) திரும்பி வர்ற பேஸ் மேல தான் மொத்த கட்டடமும் நிக்குது. வயலின்ல அந்த பேஸை கோடி காட்ட தான் முடியும், கிடார்ல நிஜமாவே ஒலிக்க வைக்கலாம், அதனால தான் 1935-ல ஸ்பெயின் கிடார் மேதை செகோவியா பாரிஸ்ல இதை வாசிச்சது அவ்ளோ பெரிய விஷயமாச்சு. செகோவியா ரெக்கார்டிங் ஒரு தடவையாவது கேக்கணும், டெம்போவை இழுத்து இழுத்து விடுவார், இன்னைக்கு யாரும் அப்படி வாசிக்க மாட்டாங்க.

ஆனா என்னோட ஷக்கோன் பால் கால்பிரைத் வாசிச்சது, 1998-ல டெலோஸ் கம்பெனி போட்டது. எட்டு ஸ்ட்ரிங் கிடார், மேல ஒன்னு கீழ ஒன்னு எக்ஸ்ட்ரா, செல்லோ மாதிரி நிமித்தி பிடிச்சு அடியில ஒரு கம்பி வழியா மரப்பெட்டி மேல நிறுத்தி வாசிப்பார், சத்தம் அந்த பெட்டிக்குள்ளயும் போய் வரும். நடுவுல சோகமான மைனர் போய் வெளிச்சமான மேஜர் திறக்குற இடத்துல அவர் சத்தத்தை ஏத்தல, இன்னும் குறைக்கிறார், பேஸ் மட்டும் தரையில கால் ஊனின மாதிரி நிக்குது. இதுக்கு மேல இந்த பீஸை கிடார்ல எனக்கு யாரும் கேக்க வைக்கல.

கொடைக்கானல்காரங்களுக்கு ஒன்னு சொல்லணும், எங்க மூஞ்சிக்கல் பக்கம் அக்டோபர் நவம்பர் மழை தகரக் கூரைல விழுந்தா கால்பிரைத், சொல்ஷர் ரெண்டும் ஸ்பீக்கர்ல சுத்தமா கேக்காது, மெல்லிசான இடம் எல்லாம் போயிரும், ப்ரீம் ஓரளவு தாங்கும். மழை சீசன்ல ஹெட்ஃபோன் தான் சரி. நெட்டும் அப்பப்ப கட் ஆகும், முன்னாடியே டவுன்லோட் பண்ணி வச்சுக்கோங்க. முக்கியமா போன்ல பேஸ் பூஸ்ட் ஆன்ல இருந்தா ஆஃப் பண்ணிருங்க, அது கீழ் நோட்டை எல்லாம் ஒன்னா குழப்பி விட்ரும்.