கார்பன் எஃகா, துருப்பிடிக்காத எஃகா: கத்தி வாங்கும்முன்

அன்றாடச் சமையலறை வேலைக்குக் கார்பன் எஃகுக் கத்தி ஒன்றை வாங்கிப் புழங்கி வருகிறேன். முன்பிருந்த துருப்பிடிக்காத எஃகுக் கத்தியையும் தூக்கிப் போடவில்லை. அதற்கும் சில வேலைகள் இருக்கின்றன. ஆனால் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் எதை என்று யாராவது கேட்டால், தயங்காமல் கார்பன் எஃகு என்பேன். சாணைக்கல்லைத் தொடுவதற்கு மனமிருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த மனமில்லாதவர்கள் துருப்பிடிக்காத எஃகையே வாங்கிவிடலாம், குறை ஒன்றும் இல்லை.

எடையில் இரண்டுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வேறுபாடு கிடையாது. இரண்டிலும் பெரும்பகுதி இரும்புதான். கத்திக்கான கார்பன் எஃகில் சுமார் 0.6 முதல் 1.2 சதவீதம் வரை கார்பன் இருக்கும். துருப்பிடிக்காத எஃகு என்று பெயர் பெற வேண்டுமானால் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் வேண்டும். அந்தக் குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, கண்ணுக்கே தெரியாத, சில நானோமீட்டர் தடிமனே உள்ள ஆக்சைடு படலமாகப் பரப்பின் மேல் படிகிறது. கீறினாலும் காற்றுப் பட்டதும் தானே மூடிக்கொள்ளும். இரும்பின் துரு அப்படியல்ல. பொருக்காக உப்பி, ஈரத்தை உள்ளே விட்டு, அடியிலிருக்கும் உலோகத்தையும் தின்னும். ஆனாலும் துருப்பிடிக்காத எஃகு சாகாவரம் பெற்றதல்ல. உப்பு நீரில் ஊறப் போட்டு மறந்துவிட்டால், குளோரைடு அந்தப் படலத்தைத் துளைத்து ஊசி குத்தியதுபோல் குழிகளை உண்டாக்கும்.

பாத்திரம் செய்யும் எஃகும் கத்தி எஃகும் ஒன்று என்று பலரும் நினைக்கிறார்கள். ஒரு காந்தத்தை வைத்துப் பார்த்தால் போதும். 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் கலந்த பாத்திர எஃகு காந்தத்தை அநேகமாகக் கண்டுகொள்ளாது. கத்தியோ பட்டென்று ஒட்டிக்கொள்ளும். அந்த நிக்கல் எஃகைக் காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்க முடியாது என்பதால் கத்திக்கு வேறு கலவை எடுக்கிறார்கள்.

கார்பன் எஃகின் மேல் சொல்லப்படும் முதல் புகார் கறை. உண்மைதான். புதுக் கத்தியால் ஓர் எலுமிச்சையை வெட்டி அப்படியே வைத்தால், சில நிமிடங்களில் அலகில் சாம்பல் நிறத் திட்டுகள் விழும். முகர்ந்தால் இரும்பு வாடை அடிக்கும். நாளாக நாளாக நீலமும் ஊதாவும் ஓடி, கடைசியில் அலகு முழுக்கக் கருஞ்சாம்பலாகிவிடும். இது துரு அல்ல. அடியில் இறுக ஒட்டியிருக்கும் படலம். இது படியப் படிய எலுமிச்சையின் அமிலம் இரும்பைத் தொடுவது குறைகிறது, வாடையும் அடங்குகிறது. செம்பழுப்பாக, விரலில் ஒட்டுவதுபோல் இருந்தால் மட்டும் அதைத் துரு என்று கொண்டு உடனே தேய்த்து எடுத்துவிட வேண்டும். துவர்ப்புள்ள காய்களை வெட்டினால் வெட்டுவாய் கறுக்கும். துவர்ப்பிலுள்ள டானினும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு நிறச் சேர்மம் உண்டாகிறது. அங்கே மட்டும் நான் மற்ற கத்தியைத்தான் எடுக்கிறேன்.

இவையெல்லாம் சில்லறை விஷயங்கள். என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிப்பது சாணை பிடிப்பது ஒன்றுதான். எந்தக் கத்தியும் மழுங்கும். மழுங்கிய கத்தியை மறுபடி கூராக்க எவ்வளவு பாடுபட வேண்டும் என்பதே கேள்வி. சாதாரணத் துருப்பிடிக்காத சமையலறைக் கத்தியின் கடினத்தன்மை ராக்வெல் அளவில் (எண் கூடினால் கடினம் கூடும்) பெரும்பாலும் 52 முதல் 57 வரை இருக்கும். நல்ல கார்பன் எஃகு 60ஐத் தாண்டும். மென்மையான அலகின் கூர் தேய்வதற்கு முன்பே ஒரு பக்கமாக மடிந்துவிடுகிறது. குரோமியத்துக்கு இன்னொரு குணமும் உண்டு: எஃகிலுள்ள கார்பனைத் தன் பக்கம் இழுத்துக் குரோமியம் கார்பைடுகளாக்கிவிடும். கார்பன் மிகுந்த உயர்ரகத் துருப்பிடிக்காத எஃகில் இந்தக் கடினமான துகள்கள் நிறைய இருப்பதால் கல்லில் தேய்வதே தாமதமாகும்.

கல்லில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு கைக்கே தெரியும். விளக்குக்கு நேராகப் பிடித்தால் மழுங்கிய விளிம்பு மெல்லிய வெள்ளைக் கோடாக மின்னும். ஒரு பக்கத்தைத் தேய்க்கத் தேய்க்க மறுபக்க விளிம்பில் மெல்லிய பிசிறு எழும். அதை எழுப்பி, பிறகு உதிர்ப்பதுதான் சாணையின் சாரம். கார்பன் எஃகில் 1000 எண் (நடுத்தர நொய்மையுள்ள) கல்லில் கொஞ்சம் தேய்த்ததுமே பிசிறு கைக்குத் தட்டுப்படும். லேசாகத் திருப்பித் தேய்த்தால் உதிர்ந்துவிடும், வெள்ளைக் கோடும் மறைந்துவிடும். மலிவான துருப்பிடிக்காத எஃகில் பிசிறு இந்தப் பக்கம் தள்ளினால் அந்தப் பக்கம் சாயும், அந்தப் பக்கம் தள்ளினால் இந்தப் பக்கம். கூராகிவிட்டது என்று நம்பி வெட்டத் தொடங்கினால் சீக்கிரமே பழைய கதை.

இந்தக் குறை இன்று நேற்றையது அல்ல. 1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் துப்பாக்கிக் குழலுக்கு எஃகு தேடிய உலோகவியலாளர் ஹாரி பிரேர்லி, துருப்பிடிக்காத எஃகைக் கத்திக்குக் கொண்டுவந்தபோது, வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று ஊர்க் கத்தித் தொழிலாளர்கள் கேலி செய்தார்கள். இன்றைய எஃகுகள் அதைவிட எவ்வளவோ மேல் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சுழலும் சக்கரத்தில் சாணை பிடிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. விளிம்பு சூடாகி நீலம் பாய்ந்தால் அங்கே வெப்பம் 300 டிகிரி செல்சியஸை எட்டியிருக்கிறது என்று பொருள். எளிய கார்பன் எஃகுக் கத்தியைப் பதப்படுத்துவது 200 டிகிரியை ஒட்டித்தான் என்பதால், நீலம் பாய்ந்த இடத்தில் பதம் இறங்கி, கடினம் குறைந்துவிட்டது. கைக்கல்லும் தண்ணீரும் போதும்.

பீங்கான் கத்தியையும் கேட்பார்கள். அதைக் கொஞ்ச காலமே புழங்கியிருப்பதால் அடித்துப் பேச மாட்டேன். அந்தக் கத்தி செய்யும் சிர்கோனியம் ஆக்சைடு மிகக் கடினமானது, அமிலத்துக்கு அசையாது, கூரும் நெடுநாள் நிற்கும். ஆனால் பக்கவாட்டில் நெம்பினால் விளிம்பு தெறித்துவிடும். திரும்பக் கூராக்க வைரத்துகள் பூசிய கல் வேண்டும்.

கார்பன் எஃகை வாங்கினால் வேலை முடிந்ததும் கழுவித் துடைத்து உலர வையுங்கள். நெடுநாள் எடுக்காமல் வைப்பதாக இருந்தால் மினரல் எண்ணெய் தடவுங்கள். சமையல் எண்ணெய்கள் பலவும் காற்றுப் பட்டுப் பிசின்போல் இறுகிவிடும். கத்தியைப் பலபேர் எடுத்துப் புழங்கும் சமையலறை என்றால் என் சிபாரிசை மாற்றிக்கொள்வேன்: யாரோ ஒருவர் அதை ஈரத்தோடு போட்டுவிட்டுத்தான் போவார், அங்கே துருப்பிடிக்காத எஃகே இருக்கட்டும்.