எச்எஃப் அமிலமா, வெறும் தண்ணீரா?

ஆக்சைடு மென்படலம் வளர்க்க அடித்தளமாக நாங்கள் வாங்குவது ஸ்ட்ரோன்சியம் டைட்டனேட் பளிங்கு. 5 மி.மீ. சதுரம், அரை மி.மீ. தடிப்பு. மெருகேற்றி வந்தாலும் மேற்பரப்பில் ஸ்ட்ரோன்சியம் ஆக்சைடு அடுக்கும் டைட்டானியம் டை ஆக்சைடு அடுக்கும் கலந்தே கிடக்கும். டைட்டானியம் அடுக்கு மட்டும் மேலே நிற்க வேண்டும். அதற்கு எச்எஃப் (ஹைட்ரோபுளோரிக்) அமிலம், வெறும் தண்ணீர் என்று இரண்டு வழி உண்டு. கண்டியில் எங்கள் ஆய்வுகூடத்தில் இரண்டும் செய்து பார்த்து, தண்ணீருக்கு மாறிவிட்டோம்.

அமில வழி பழசு. 1994இல் ஜப்பானிய ஆய்வாளர் கவாசாகியின் குழு காட்டியது. இப்போது பலரும் பளிங்கை முதலில் தண்ணீரில் ஊறவைத்து, அரை நிமிடம் பஃபர் எச்எஃபில் (அமோனியம் புளோரைடு கலந்த எச்எஃப்) நனைத்து, 950 பாகை செல்சியஸில் சுடுகிறார்கள். முடிவு அருமை. அமிலத்தில் நேரம் கூடினால் மட்டும் குழி விழும்.

தொல்லை அமிலத்தை வைத்திருப்பதில்தான். கண்ணாடியை அரிக்கும், ஆகவே பீக்கர், இடுக்கி எல்லாம் டெஃப்லான். தோலில் பட்டால் உடனே எரியாமலும் போகலாம். ஆனால் உள்ளே இறங்கி உடலின் கல்சியத்தைப் பிடித்துவிடும். முதலுதவிக்குக் கல்சியம் குளுக்கோனேட் ஜெல் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், அது காலாவதி ஆகாமலும் இருக்க வேண்டும். தனியாக இருக்கும்போது செய்யவே கூடாது. அப்புறம் கழிவு. சுண்ணாம்பு போட்டுக் கல்சியம் புளோரைட்டாக வீழ்படிய வைத்தாலும், மலையில் ஊற்றுவது எல்லாம் கீழேதானே போகும், கீழே மகாவலி ஆறு. எங்கள் கழிவுப் போத்தல் எடுத்துப் போக ஆளில்லாமல் மாதக்கணக்கில் அலமாரியில் இருந்தது. 30 வினாடி வேலைக்கு அரை நாள்!

தண்ணீர் வழியில் 1000 பாகையில் ஒரு மணிநேரம் சுட்டால் ஸ்ட்ரோன்சியம் மேலே வரும். அதை அயன் நீக்கிய தண்ணீரில் அலசிக் கரைத்து, நைட்ரஜன் ஊதிக் காயவைத்து, மறுபடி சுடுவோம். உலையை இரண்டு தடவை சூடாக்க வேண்டியதுதான் குறை. மழைக்காலத்தில் ஒருநாள் நடுவில் கரண்ட் போய், எல்லாம் முதலிலிருந்து.

அணுவிசை நுணுக்குக்காட்டியில் 0.39 நானோமீட்டர் உயரப் படிகள் வரிசையாகத் தெரிந்தன. பளிங்கின் வெட்டு 0.1 பாகை சாய்ந்திருந்தால் ஒரு படியின் அகலம் 220 நானோமீட்டர் அளவில் வரும். படத்தைத் தேயிலைத் தோட்ட ஊரான ஹட்டனில் அப்பாவிடம் காட்டினேன். "இது எந்தத் தோட்டம்?" என்றார்.

ஒன்று சொல்லியாக வேண்டும். இந்தப் பளிங்கின் மேல் லந்தனம் அலுமினேட் படலம் வளர்த்து, இரண்டும் சேரும் இடைமுகத்தில் மின்கடத்தலைத் தேடும் வேலை நாங்கள் செய்ததில்லை. அங்கே கொஞ்சம் ஸ்ட்ரோன்சியம் மிஞ்சினாலும் கெட்டுவிடும். தண்ணீர் போதுமா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. அதற்கு அமிலம்தான் என்றால் சரி, அமிலப் போத்தலை வாங்குமுன் ஜெல்லை வாங்கிவிடுங்கள்.