எகிப்து, அல்ஜீரியா, மொராக்கோ: போர்க்கப்பல் வாங்கியதில் யார் போன வழி நல்லது?

வணிகக் கப்பல்களின் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவன் நான். ஒருமுறை கடல்நீர் பம்பின் ஷாஃப்ட் சீல் (சுழலும் தண்டைச் சுற்றித் தண்ணீர் கசியாமல் அடைக்கிற வளையம்) போய்விட்டது. உள்ளங்கையில் வைத்து மூடிவிடலாம், அவ்வளவு சின்னச் சாமான். ஸ்டோரிலிருந்து மாற்று சீலை எடுத்துவந்து பார்த்தால் அது வேறு மாடலுக்கு உரியது, அரை மில்லிமீட்டர் வித்தியாசம், உட்காரவே இல்லை. சரியான சீல் வந்து சேரும்வரை பதினோரு நாள் நங்கூரத்திலேயே கிடந்தோம். அது சாதாரண சரக்குக் கப்பல், அந்த சீலைப் பணம் கொடுத்தால் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். போர்க்கப்பலுக்கு அப்படி இல்லை. விற்ற நாட்டின் அரசு அனுமதி கொடுத்தால்தான் பல பாகங்கள் பெட்டியில் ஏறும்.

அதனால் எகிப்தும் அல்ஜீரியாவும் மொராக்கோவும் கடந்த பதினைந்து வருடங்களில் வாங்கிய கப்பல்களை ஏவுகணை தூரத்தை வைத்து ஒப்பிடாமல், இருபது வருடம் கழித்தும் எது ஓடும் என்று வைத்து ஒப்பிடுகிறேன். ஒரு ஆயுத அமைப்பின் மொத்த ஆயுள் செலவில் சுமார் 70 சதவீதம் அதை இயக்கவும் பராமரிக்கவுமே போகிறது என்பது அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் திரும்பத் திரும்பச் சொல்லும் கணக்கு. யானையை வாங்கும் விலை வேறு, கட்டித் தீனி போடும் செலவு வேறு.

முதலில் எகிப்து. அவர்கள் ஏன் கடை கடையாக ஏறி இறங்கினார்கள் என்பதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. 2013 அக்டோபரில் ஒபாமா அரசு எஃப்-16 விமானங்கள், ஹார்பூன் ஏவுகணைகள், டாங்கி உதிரித் தொகுப்புகள் எல்லாவற்றையும் நிறுத்தி வைத்தது, 2015 மார்ச்சில்தான் விடுவித்தது. வருடம் 130 கோடி டாலர் ராணுவ உதவி கொடுக்கும் நாடே அப்படிக் கதவைச் சாத்தினால் அடுத்த முறை வேறு கதவைத் தட்டத்தான் தோன்றும். அதற்கப்புறம் வேகம் பிடித்தது. 2015 பிப்ரவரியில் பிரான்ஸிடம் 24 ரஃபேல் விமானங்களோடு ஒரு ஃப்ரெம் ஃப்ரிகேட், பிரான்ஸும் இத்தாலியும் சேர்ந்து உருவாக்கிய பெரிய போர்க்கப்பல் ரகம் அது. 2014இலேயே ஆர்டர் கொடுத்த நான்கு கோவிண்ட் கொர்வெட்டுகள் (ஃப்ரிகேட்டைவிடச் சின்னப் போர்க்கப்பல்கள்) தனி. ஜெர்மனியிடம் நான்கு நீர்மூழ்கிகள், நான்கு மெக்கோ ஃப்ரிகேட்டுகள். 2020 டிசம்பரிலிருந்து இத்தாலியிடம் இன்னும் இரண்டு ஃப்ரெம். இதற்கெல்லாம் முன்னால் அமெரிக்காவிடம் 90களில் வாங்கிய நான்கு பெர்ரி ரகக் கப்பல்கள் வேறு ஓடிக்கொண்டிருக்கின்றன.

ஆக ஒரு கதவு மூடினாலும் கடற்படை முழுக்க முடங்காது, இந்த வழியின் பலம் அது. ஆனால் பராமரிப்பவன் கண்ணில் இது வேறு மாதிரித் தெரிகிறது. ஃப்ரெம் என்று ஒரே பெயர் இருந்தாலும் பிரெஞ்சு ஃப்ரெம்மும் இத்தாலிய ஃப்ரெம்மும் உள்ளே வேறு வேறு: ரேடார் வேறு, எஞ்சினும் மோட்டாரும் சேர்ந்து உந்துகிற ஏற்பாடும் வேறு. வான் பாதுகாப்புக்கு பிரெஞ்சு ஃப்ரெம்மில் ஆஸ்டர், கோவிண்ட்டில் மிகா, பெர்ரியில் எஸ்எம்-1 ஏவுகணைகள். மூன்றுக்கும் தனித்தனி சோதனைக் கருவி, தனித்தனிக் கிடங்கு, தனித்தனியாகப் பயிற்சி பெற்ற ஆட்கள். பெர்ரியின் நிலைமை இன்னும் கஷ்டம். எஸ்எம்-1 ஏவுதளங்களை அமெரிக்கக் கடற்படை 2003இலேயே கழற்றத் தொடங்கிவிட்டது, 2015இல் கடைசி பெர்ரியையும் ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டது. செய்தவனே பயன்படுத்தாத சாமானுக்கு உதிரி பாகம் தேடுவது எவ்வளவு பாடு என்று எஞ்சின் அறையில் நின்றவர்களுக்குத் தெரியும்.

எகிப்தும் அல்ஜீரியாவும் நேருக்கு நேர் நிற்கும் ஒரு ஜோடி உண்டு, படைகளையும் வண்டிகளையும் ஏற்றி இறக்கும் பெரிய கப்பல். எகிப்து வாங்கிய இரண்டு மிஸ்ட்ரால்களும் ரஷ்யாவுக்காகக் கட்டப்பட்டவை. உக்ரைனின் கிரைமியாவை ரஷ்யா இணைத்துக்கொண்ட பிறகு 2015இல் பிரான்ஸ் அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்தது, ரஷ்யக் கருவிகளைக் கழற்றித் திருப்பிக் கொடுத்தது, அதே வருடம் சுமார் 95 கோடி யூரோவுக்கு இரண்டையும் எகிப்து எடுத்துக்கொண்டது. 2016இல் கமால் அப்துல் நாசர், அன்வர் சாதாத் என்ற பெயர்களோடு அவை வந்து சேர்ந்தன. 199 மீட்டர் நீளம், 21,000 டன்னுக்கு மேல். அல்ஜீரியாவோ 2011இல் இத்தாலியிடம் தனக்கென்று ஆர்டர் கொடுத்து கலாத் பெனி அப்பாஸ் கப்பலைக் கட்டி வாங்கியது, 2014 செப்டம்பரில் கைக்கு வந்தது. 143 மீட்டர், கிட்டத்தட்ட 9,000 டன். மாலுமிகளுக்கான பயிற்சியும் அந்த ஒப்பந்தத்திலேயே அடக்கம்.

விலையை மட்டும் பார்த்தால் எகிப்துக்கு நல்ல பேரம். ஆனால் மிஸ்ட்ராலின் அடியில் வழக்கமான ஷாஃப்ட்டும் சுக்கானும் இல்லை. மின்மோட்டாரையும் புரொப்பெல்லரையும் ஒரே கூட்டில் வைத்து, சுற்றித் திரும்பும்படி இரண்டு பாட்கள் தொங்குகின்றன. துறைமுகத்துக்குள் திருப்புவதற்கு அருமையான ஏற்பாடு, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் உள்ளே பெரிய கோளாறு வந்தால் 199 மீட்டர் கப்பலை அப்படியே ட்ரை டாக்கில் (தண்ணீரை வெளியேற்றிக் கப்பலின் அடியில் வேலை பார்க்கும் தொட்டி) ஏற்றியாக வேண்டும், கப்பல் பட்டறையில் எல்லோருக்கும் கை பழகிய வேலையும் அல்ல அது. ஒரு ஆறுதல், பிரான்ஸே மூன்று மிஸ்ட்ரால்களை ஓட்டுகிறது. அவை ஓடும்வரை பாகங்கள் செய்கிற தொழிற்சாலையும் ஓடும். கலாத் பெனி அப்பாஸுக்கு அப்படி உடன்பிறப்புகள் நிறைய இல்லை. அதன் மூலமாதிரியான இத்தாலிய சான் ஜோர்ஜியோ ரகம் 80களைச் சேர்ந்தது, கத்தாருக்குப் போன அல் ஃபுல்க் ஒன்றுதான் நெருங்கிய சொந்தம். இருந்தாலும் தேவையைச் சொல்லி, அளவெடுத்து, ஆளையும் பழக்கி வாங்கியதால் இந்த ஜோடியில் அல்ஜீரியா செய்ததுதான் சரி என்பது என் எண்ணம்.

நீர்மூழ்கிகளில் கதை தலைகீழாகிறது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பராமரிப்பில் நீர்மூழ்கிதான் மிகவும் கண்டிப்பானது, தப்பு நடந்தால் மேலே வர வழியிருக்காது.

அல்ஜீரியாவிடம் இருப்பது ரஷ்யாவின் கிலோ ரகம். 1987–88இல் வந்த இரண்டு பழையவை, 2010இல் வந்த இரண்டு, 2014இல் ஆர்டர் கொடுத்த இன்னும் இரண்டு, ஆக ஆறு. எகிப்திடம் ஜெர்மனியின் 209/1400 ரகத்தில் நான்கு, கீல் நகரில் கட்டியவை, முதலாவது 2016 டிசம்பரில் ஒப்படைக்கப்பட்டது, நான்காவது 2021இல். கிலோ சுமார் 74 மீட்டர், 52 பேர் வேண்டும். 209 சுமார் 62 மீட்டர், 30 பேர் போதும். கிலோவிலிருந்து நிலத்தில் உள்ள இலக்கைத் தாக்கும் கிளப் ஏவுகணை விடலாம், 2019இல் அல்ஜீரியா அதைச் சுட்டும் காட்டியது. பலத்தில் கிலோ ஒரு படி மேலே என்று ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் கிலோவுக்கு இரட்டை உடல். அழுத்தம் தாங்கும் உள் உடலுக்கும் வெளி உடலுக்கும் இடையில் உள்ள சந்துக்குள் கடல்நீர் வந்து போகும், அங்கே பிடிக்கும் துருவைச் சுரண்டி பெயிண்ட் அடிக்க ஆள் உள்ளே ஊர்ந்து போக வேண்டும். அப்புறம் பேட்டரி. இரண்டு தொகுதியாக 240 செல்கள், ஒவ்வொன்றும் ஆள் தனியாகத் தூக்க முடியாத ஈய-அமில டப்பா, சில வருடங்களுக்கு ஒருமுறை அத்தனையையும் கழற்றி மாற்றியாக வேண்டும். ருமேனியாவின் ஒரே கிலோ 90களின் நடுவிலிருந்து கரையோடு கட்டிக் கிடப்பதற்குக் காரணமே பேட்டரி இல்லாததுதான். இந்தியா பத்து கிலோக்களை வாங்கிய நாடு, அதற்கான பேட்டரியை எக்ஸைட் இங்கேயே செய்கிறது, அப்படி இருந்தும் சிந்துகீர்த்தி என்ற கிலோ 2006இல் விசாகப்பட்டினத்தில் ரீஃபிட்டுக்கு (பிரித்து முழுதாகப் பழுதுபார்ப்பதற்கு) ஏறி 2015இல்தான் இறங்கியது. ஒன்பது வருடம்! இத்தனை வருடப் பழக்கம் உள்ள கடற்படைக்கே இந்த நிலை.

209இன் பெரிய பலம் அதன் கூட்டம். துருக்கி, கிரீஸ், தென் கொரியா, பிரேசில், பெரு, இந்தியா என்று ஒரு டஜனுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அறுபதுக்கும் மேல் போயிருக்கின்றன, பல நாடுகள் தங்கள் சொந்தத் தளத்திலேயே அதைக் கட்டியோ பிரித்துக் கோத்தோ பழகியவை. ஜெர்மனி முகம் திருப்பினால் சில பாகங்களுக்குக் கஷ்டம்தான், ஆனால் அதைத் தெரிந்த கைகள் உலகத்தில் பல இடத்தில் இருக்கின்றன. அல்ஜீரியாவோ பெரிய வேலைகளுக்கு ரஷ்யாவையே பார்த்திருந்தது. உக்ரைன் போர் தொடங்கிய 2022க்குப் பிறகு ரஷ்யத் தொழிற்சாலைகளுக்குத் தங்கள் கடற்படையே முதல் வேலை, முக்கிய வங்கிகள் சர்வதேசப் பணப் பரிமாற்ற வலையிலிருந்து விலக்கப்பட்டன, கட்டிக் கொடுத்த தளங்கள் தடைப் பட்டியலில். அரை நூற்றாண்டு நட்பு என்பது உண்மைதான், ஆனால் அந்த நட்பால் ஒரு பெட்டி உதிரி பாகத்தை சீக்கிரம் கொண்டுவந்துவிட முடியாது. ஆறு நீர்மூழ்கிகளை ஒரே கயிற்றில் கட்டியது எனக்குக் கவலை தருகிறது.

கொர்வெட்டுகளைப் பற்றி அதிகம் இழுக்க வேண்டாம். அல்ஜீரியாவின் சி28ஏ மூன்றும் சீனாவில் கட்டிய உடல், ஜெர்மன் எம்டியு எஞ்சின், தாலெஸ் ரேடார் என்ற கலவை. 2015இலிருந்து வந்தவை. உத்தரவாதம் கேட்டு மூன்று நாடுகளுக்குக் கடிதம் எழுத வேண்டிய கப்பல். எகிப்தின் கோவிண்ட்டில் எனக்குப் பிடித்தது வேறு. முதல் கப்பல் பிரான்ஸின் லோரியாங்கில் கட்டியது, மற்ற மூன்றும் அலெக்ஸாண்ட்ரியா கப்பல் கட்டும் தளத்தில் எகிப்தியர்கள் வெல்டிங் செய்து கட்டியவை. அதை வடிவமைத்த பிரெஞ்சு நிறுவனமான நேவல் குரூப் பராமரிப்புக்கென்றே அந்த ஊரில் ஒரு துணை நிறுவனமும் வைத்திருக்கிறது. மெக்கோவிலும் நான்காவது அங்கேதான் கட்டப்பட்டது. குழாய் எங்கே வளைகிறது, கேபிள் எந்தத் தட்டுக்குப் பின்னால் ஓடுகிறது என்று கையால் போட்டவனுக்குத் தெரிகிற மாதிரி வரைபடம் படித்தவனுக்குத் தெரியாது. எகிப்து இத்தனை விதக் கப்பல்களை வாங்கியது தப்பு என்று ஒருவர் சொன்னால் பாதி ஒத்துக்கொள்வேன், அலெக்ஸாண்ட்ரியாவில் கட்டியதை மட்டும் விட்டுக் கொடுக்க மாட்டேன்.

சரி, மொராக்கோ. இவர்கள் பட்டியல் சின்னது, செய்தியில் அடிபடுவதும் குறைவு. 2000களின் தொடக்கத்தில் பிரான்ஸில் கட்டிய இரண்டு ஃப்ளோரியால் ரகப் போர்க்கப்பல்கள், 2011–12இல் டச்சு நாட்டிலிருந்து மூன்று சிக்மா ரகப் போர்க்கப்பல்கள், 2014 ஜனவரியில் மொகமத் 6 என்ற ஒரே ஒரு ஃப்ரெம். ஃப்ளோரியால் வணிகக் கப்பல் தரத்தில் கட்டிய ரகம், அதைக் குறையாகச் சொல்கிறவர்கள் உண்டு, நான் பாராட்டுவேன். உள்ளே நான்கு பீல்ஸ்டிக் டீசல் எஞ்சின்கள். சிக்மாவிலும் கேஸ் டர்பைன் கிடையாது, இரண்டு பீல்ஸ்டிக் டீசல்தான், அதே பிஏ6 குடும்பம், சிலிண்டர் விட்டம் 280 மில்லிமீட்டர். எல்லா பாகமும் மாற்றிப் பொருந்தும் என்று சொல்லவில்லை. ஆனால் ஃப்ளோரியாலில் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிப் பழகிய மெக்கானிக் சிக்மாவின் எஞ்சின் அறையில் அந்நியனாக நிற்கமாட்டான், ஃபியூவல் இன்ஜெக்டரை டெஸ்ட் பெஞ்சில் வைத்துத் தெளிப்பு பார்க்கிற பட்டறையைப் புதிதாகப் படிக்க வேண்டியதில்லை. ஐந்து கப்பலுக்கும் ஒரே மாதிரி கைப்பழக்கம். சின்ன நாட்டுக்கு இதைவிடப் பெரிய சேமிப்பு கிடையாது.

ஃப்ரெம் மட்டும்தான் இந்தக் கணக்கில் ஒட்டவில்லை. ஒற்றைக் கப்பல், அது பழுதுபார்க்கும் தளத்தில் ஏறினால் அந்த இடத்தில் நிற்க இன்னொன்று இல்லை, ஒரு கப்பலுக்காகவே டர்பைன் ஆட்களையும் வைத்திருக்க வேண்டும். அந்தப் பணத்தில் இன்னும் சிக்மாக்கள் வாங்கியிருக்கலாம் என்பது என் கருத்து. அடுத்து வாங்கியது ஸ்பெயினின் நவாந்தியா நிறுவனத்துடைய அவான்தே ரகக் காவல் கப்பல், நல்லவேளை அதுவும் எளிமையானதுதான். காசாபிளாங்காவில் 244 மீட்டர் நீள ட்ரை டாக்கோடு புதிய பழுதுபார்க்கும் தளம் கட்டியதை இந்த எல்லாவற்றையும்விட முக்கியமாக நினைக்கிறேன். அதை நடத்தப் போகிறவர்களுக்கான ஒப்பந்தத்தில் உள்ளூர் ஆட்களுக்கு எவ்வளவு வேலை பழக்கப்படும் என்பதைத்தான் நான் கவனித்துக்கொண்டிருக்கிறேன்.

மூன்றையும் தட்டில் வைத்து ஒன்றை எடு என்றால் கப்பல் தேர்வில் மொராக்கோ, கட்டிப் பழகியதில் எகிப்து. அல்ஜீரியாவின் ஆர்டர் ஒழுங்கு பிடித்தது, நீர்மூழ்கி விஷயத்தில் மட்டும் மனம் ஒப்பவில்லை.

நான்காவது வழி ஒன்றும் பக்கத்திலேயே இருக்கிறது, லிபியா. கடாஃபி காலத்தில் சோவியத்திடம் ஆறு ஃபாக்ஸ்ட்ராட் நீர்மூழ்கிகள் வாங்கினார்கள். பராமரிப்பும் ஆளும் இல்லாமல், 1992இல் ஐநா தடையும் சேர்ந்துகொள்ள, அவை கட்டிய இடத்திலேயே கொட்டலசு பிடித்துக் கிடந்தன. அல் ஹானி என்ற ஃப்ரிகேட் 2011 போரில் தப்பியது, பழுதுபார்க்க மால்டாவுக்குப் போனது, வருடக்கணக்கில் அங்கேயே நின்றது. இன்று லிபியக் கடலோரக் காவல் படையிடம் உள்ள முக்கியப் படகுகளில் இத்தாலி கொடுத்தவை உண்டு. 2011க்குப் பிறகு இத்தாலிக்குக் கொண்டுபோய்ப் பழுதுபார்த்து 2017இல் திருப்பிக் கொடுத்தார்கள். அதே வருடம் பிப்ரவரியில் குடியேறிகளைக் கடலில் தடுப்பது பற்றி இரு நாடுகளும் ஒப்பந்தம் போட்டிருந்தன. திரிபோலியின் அபு சித்தா தளத்தில் இத்தாலியக் கடற்படையின் பழுதுபார்க்கும் கப்பல் ஒன்று வந்து கட்டிக்கொண்டு, அந்தப் படகுகளின் எஞ்சின்களைச் சரிசெய்து கொடுத்தது. ரப்பர் படகில் ஐரோப்பாவுக்குக் கிளம்பியவர்களைப் பிடித்து லிபியாவின் தடுப்பு முகாம்களுக்குத் திருப்பிக் கொண்டுபோனவை அந்தப் படகுகள்தான். எந்தப் படகு நாளைக்குக் கடலில் இறங்கும், எது கரையில் நிற்கும் என்பது ஸ்பேனர் வைத்திருக்கிறவர் கையில் இருந்தது, அந்த ஸ்பேனர் லிபியருடையது அல்ல.