முதல் அச்சு என்று சொல்லி 180 பவுண்டு பிடுங்கிவிட்டான்: பிக்ஸீஸ் ரசிகர்களே, உஷார்

180 பவுண்டு. இந்தத் தொகையை இந்தப் பதிவில் நாலைந்து முறை எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள், இரண்டு நாளாக வேறு எதுவும் மனதில் ஓடவில்லை. அமெரிக்க ராக் இசைக்குழு பிக்ஸீஸின் ‘சர்ஃபர் ரோசா’ ஆல்பம், 1988ல் பிரிட்டனில் 4ஏடி என்ற இசை நிறுவனம் வெளியிட்ட முதல் அச்சு எல்பி, அதாவது ஆல்பம் வந்தபோதே அச்சான இசைத்தட்டு என்று நம்பி வாங்கினேன். வந்து சேர்ந்தது முதல் அச்சும் இல்லை, 1988ம் இல்லை. பழைய இசைத்தட்டுகளைத் தனி ஆட்கள் நேரடியாக விற்கும் ஓர் இணையச் சந்தை அது, பெயர் வேண்டாம். நீங்கள் ஏமாறாமல் இருக்க என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

இந்த ஆல்பத்துக்கு ஏன் இவ்வளவு கிறுக்கு என்று கேட்பவர்களுக்கு: முதல் பாட்டு வெறும் டிரம்ஸில் தொடங்கும். பாட்டுக்குத் துணையாக எங்கோ பின்னால் கேட்கிற டிரம்ஸ் இல்லை, அறைக்குள் உங்கள் முன்னால் உட்கார்ந்து அடிப்பது போல இருக்கும். 1987 டிசம்பரில் பாஸ்டனில் ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் அல்பினி பதிவு செய்தது. குழுவில் பேஸ் கிட்டார் வாசித்துப் பாடிய கிம் டீலின் குரலுக்கு எதிரொலி வேண்டும் என்று மெஷினைத் தேடாமல், ஸ்டுடியோவின் குளியலறையில் கொண்டுபோய் நிற்கவைத்துப் பாடவைத்தார் மனிதர். பாட்டுக்கு நடுவே இவர்கள் அரட்டை அடிப்பதுகூட அப்படியே தட்டில் இருக்கிறது. முதன்மைப் பாடகர் பிளாக் ஃபிரான்சிஸ் முணுமுணுத்துக்கொண்டே வந்து திடீரென்று கத்துவதும், அமைதியாகப் போய்க்கொண்டிருந்த கிட்டார் சட்டென்று வெடிப்பதும் பின்னால் நிர்வாணா இசைக்குழு வரைக்கும் போனது, அதன் பாடகர் கர்ட் கோபேனே வாய்விட்டு ஒப்புக்கொண்ட கடன். பலர் 1999ல் வந்த ஒரு படத்தின் கடைசிக் காட்சியில் இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டைக் கேட்டுத்தான் இந்தப் பக்கம் வந்தார்கள். வரட்டும். ஆனால் எனக்கு முதல் பக்கம்தான், அதிலும் கிம் டீல் பாடும் அந்த ஒரு பாட்டு.

என் மூக்கணாங்கயிறு எது என்று விற்றவனுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. விலையைப் பற்றிக் கேட்டு ஒரு செய்தி அனுப்பினேன், அவ்வளவுதான். பதிலுக்கு ஒரு கடிதமே வந்தது. உறையில் கிம் டீலின் பெயர், அப்போதைய கணவர் பெயரை வைத்து, ‘மிஸஸ் ஜான் மர்ஃபி’ என்றுதான் இருக்கும், கவனித்திருக்கிறீர்களா என்று கேட்டான். பேஸ் வாசிக்க ஆள் தேவை என்று அவர்கள் கொடுத்த விளம்பரத்துக்கு அவர் ஒருவர்தான் பதில் போட்டார், அதுவும் பேஸ் வாசித்துப் பழக்கமே இல்லாதவர் என்று எழுதினான். எல்லாம் எனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் தெரிந்த கதையை இன்னொருவர் அதே ஆசையோடு சொல்லும்போது மனது இளகிவிடுகிறது, இல்லையா? நம்ம ஆள் என்று முடிவு கட்டிவிட்டேன். தட்டைப் பற்றிக் கேட்க வேண்டிய ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இரவு இரண்டு மணி வரை எந்தப் பாட்டு சிறந்தது என்று அவனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

அப்புறம்தான் மெதுவாக ஆரம்பித்தான். சந்தையின் வழியாகப் பணம் கட்டினால் கமிஷன் போய்விடும், நண்பருக்கு அனுப்புவது போல நேரடியாக அனுப்பிவிடுங்கள், தபால் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான். 180 பவுண்டையும் அனுப்பிவிட்டேன். வாங்குபவருக்கான பாதுகாப்பு அந்த வழியில் கிடையாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் அனுப்பினேன்.

பார்சலைப் பிரித்தால் உறை பளபளவென்று இருக்கிறது. நன்றாக வைத்திருந்தான் போல என்று சந்தோஷப்பட்டேன், பாருங்கள் என் புத்தியை. பின்பக்கம் கீழ் மூலையில் பழைய விலை ஸ்டிக்கர் ஒன்று. அதன் ஓரம் லேசாகத் தூக்கியிருந்தது, நகத்தால் உரித்தேன். அடியில் ஒரு இணையதள முகவரி! உலகளாவிய வலை பொதுமக்கள் கைக்கு வந்ததே 1991ல், 1988ல் அச்சடித்த உறையில் இணையதள முகவரி எங்கிருந்து வரும்? யாரோ அதை மறைக்கவென்றே உட்கார்ந்து ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள். ‘மிஸஸ் ஜான் மர்ஃபி’ என்ற பெயர் மட்டும் இருந்தது. அவன் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.

உடனே எழுதினேன். முதல் நாள் பதில் இல்லை. மறுநாள், தபாலில் மாறியிருக்கும் என்றான். தபாலில் தட்டு எப்படி ஐயா மாறும்? படம் எடுத்து அனுப்பினேன். ‘ஒரிஜினல்’ என்றுதான் போட்டிருந்தேன், வேறு யாரோ பாடியது இல்லை என்ற அர்த்தத்தில் சொன்னேன் என்று ஒரு விளக்கம் வந்தது. அதற்கு மேல் நான் எழுதிய எதையும் அவன் திறந்துகூடப் பார்க்கவில்லை. இரவு இரண்டு மணி வரை பேசிய அதே ஆள்.

சந்தைக்காரர்களிடம் போனால், பணம் எங்கள் வழியாக வரவில்லையே என்று ஒரே வரி. பணம் அனுப்பிய செயலியில் கேட்டால், நண்பருக்கு அனுப்பியதைத் திருப்ப வழியில்லை, விற்றவரிடமே பேசுங்கள் என்கிறார்கள். ஆளுக்கு ஆள் கையைக் காட்டுகிறார்கள், நடுவில் என் 180 பவுண்டு காணாமல் போய்விட்டது. இதில் கொடுமை என்னவென்றால், இந்த ஆல்பத்துக்கு அல்பினி வாங்கியது மொத்தமாக 1,500 டாலர், விற்பனையில் எனக்குப் பங்கே வேண்டாம், அது இசைக்குழுவின் காசு என்று ஒதுங்கிய மனிதர் அவர். அவர் உழைப்பைச் சொல்லித்தான் இவன் என்னிடம் கறந்தான்.

சரி, சொன்னபடி எச்சரிக்கைகள். பாட்டு முடிந்து லேபிளுக்கு முன்னால் வரும் வெற்று வளையத்தில் எண்களும் எழுத்துகளும் கீறியிருக்கும், அதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, முதல் அச்சின் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அனுப்ப மறுத்தால் விட்டுவிடுங்கள். உறையில் ஸ்டிக்கர் இருந்தால் அடியில் என்ன என்று கேளுங்கள். சந்தைக்கு வெளியே காசு அனுப்பாதீர்கள், யார் கேட்டாலும், எவ்வளவு இனிக்க இனிக்கப் பேசினாலும். இன்னும் நாலைந்து விஷயம் எழுத நினைத்திருந்தேன், ஆனால் இப்போதுதான் சந்தையிலிருந்து மெயில் வந்திருக்கிறது, ஏற்கெனவே மூன்று முறை நிரப்பி அனுப்பிய அதே படிவத்தை மறுபடி நிரப்பச் சொல்லி.