திரைக்கு வசதி பெருநாவலா, சிறுநாவலா?

திரைக்கதையில் ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம். இரண்டரை மணி நேரப் படத்துக்கு 150 பக்கம். தழுவலின் தலையெழுத்து பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகம். இரண்டு படங்களாக (2022, 2023) பிரித்தும் இடம் போதவில்லை. மணிமேகலை என்ற பாத்திரமே படத்தில் இல்லாமல் போனது. பூக்கட்டும் சேந்தன் அமுதன்தான் உண்மையான மதுராந்தகன் (கடைசியில் முடிசூடும் சோழ இளவரசன்) என்ற முடிச்சையும் எடுத்துவிட்டார்கள். அதை எடுத்ததும் முடிசூட்டு விழாவின் பொருளே மாறிவிட்டது. பெருநாவலில் ஓர் இழையை உருவினால் நான்கு இழை தளர்கிறது. அலங்காரமும் போரும் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை ஈடுகட்டாது.

பூமணியின் 'வெக்கை' அளவில் சிறியது. அங்கே வெட்டுவதைவிடச் சேர்ப்பதே வேலை. அதைத் தழுவிய 'அசுரன்' (2019) தந்தையின் கடந்தகாலத்தை நீண்ட பின்கதையாக விரித்தது. சிறுவனின் பார்வையில் நகர்ந்த கதை தந்தையின் கதையானது. காட்டில் ஒளிந்து திரியும் நாட்களின் நிதானம் குறைந்தது (நாவலின் உயிரே அதுதான்). ஆனாலும் படம் தன் காலில் நிற்கிறது.

மனவோட்டமே கதையாக உள்ள நாவல் என்றால், சிறியதும் சிரமம்தான். பின்னணிக் குரலில் எல்லாவற்றையும் சொல்லவைத்தால் அது ஒலிப்புத்தகம் ஆகிவிடும்.