“நியூ ஓல்ட் ஸ்டாக்” எச்எம்டி பைலட் வாங்கப் போகிறீர்களா? பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படியுங்கள்

இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் கறுப்பு டயல் பளபளக்க ஒரு வாட்ச் படம் சுற்றிக்கொண்டிருக்கிறது. “எச்எம்டி பைலட், நியூ ஓல்ட் ஸ்டாக், ஒருமுறைகூடக் கையில் கட்டாதது, 100 சதவீதம் ஒரிஜினல்” என்று கீழே எழுதியிருக்கும். பைலட் என்பது எச்எம்டி வாட்சில் ஒரு மாடல்; நியூ ஓல்ட் ஸ்டாக் என்றால் விற்காமல், யாரும் கட்டாமல் கடையிலேயே தங்கிப்போன பழைய சரக்கு. அப்படி ஒன்றை 4,800 ரூபாய் கொடுத்து வாங்கினேன். வந்தது பைலட்டே இல்லை. பணம் இன்னும் திரும்பி வரவில்லை. புகார் கொடுத்திருப்பதால் விற்றவர் பெயரை இங்கே போடவில்லை. ஆனால் இதே சரக்கை இதே வார்த்தைகளில் விற்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதனால் என்ன நடந்தது, எப்படிப் பிடிபட்டது என்று விவரமாகவே எழுதுகிறேன்.

தினமும் கட்டும் வாட்ச் என்று பேச்சு வந்தால் எங்கள் கூட்டத்தில் ஆளுக்கொரு பிடிவாதம். ஒருவர் கேசியோ எஃப்-91டபிள்யூ தவிர வேறெதையும் தொடமாட்டார். 21 கிராம்தான் எடை, பேட்டரி ஏழு வருஷம் வரும், தொலைந்தாலும் வயிறு எரியாது என்பார். இன்னொருவருக்கு சீக்கோ 5. ஓசூரில் செய்த பழைய டைட்டனை விடாதவர்களும் உண்டு. எனக்கு எச்எம்டி ஜனதா. காலையில் பால் காய்வதற்குள் சாவி கொடுத்துவிட்டால் மறுநாள் காலைவரை கவலை இல்லை. எந்த ஊரிலும் வயதான ரிப்பேர்க்காரர் ஒருவர் கிடைத்தால் போதும், பிரித்துச் சுத்தம் செய்து மாட்டிக் கொடுத்துவிடுவார். அக்கா மகனுக்கு முதல் வேலை கிடைத்ததும், “சித்தி, எனக்கும் சாவி கொடுக்கிற வாட்ச்தான் வேணும். ஆனா கறுப்பு டயல்” என்றான். எச்எம்டியில் கறுப்பு டயல் என்றால் முதலில் நினைவுக்கு வருவது பைலட்தான். அதனால்தான் தேட ஆரம்பித்தேன்.

எச்எம்டி 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து பெங்களூரில் வாட்ச் தொழிற்சாலை தொடங்கியது. கல்யாணத்துக்கு, பாஸானதற்கு, பணி ஓய்வுக்கு என்று பல வருஷம் நம் வீடுகளில் பரிசாக வந்த வாட்ச் அது. 2016 ஜனவரியில் எச்எம்டி வாட்சஸை மூட மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது. அதுவரை மேசை டிராயரில் கிடந்ததை எல்லாரும் தேட ஆரம்பித்தார்கள். கடைகளில் விற்காமல் தங்கிப்போன நிஜமான பழைய ஸ்டாக்கும் அப்போது வெளியே வந்தது. எனவே “நியூ ஓல்ட் ஸ்டாக்” என்ற பேச்சே பொய் என்று சொல்ல முடியாது. அந்த உண்மையைக் காட்டித்தான் இந்தப் பொய்யை விற்கிறார்கள்.

பணம் அனுப்புவதற்கு முன்பே விற்றவரிடம் எழுத்தில் கேட்டேன்: டயல் மாற்றியதா, மறுபடி அச்சடித்ததா, கேஸுக்கு, அதாவது வாட்சின் வெளிக்கூட்டுக்கு, முலாம் பூசியதா? பதிலும் எழுத்திலேயே வந்தது. “இல்ல மேடம், எல்லாமே கம்பெனி. டப்பாவுல இருந்து இப்பதான் எடுத்தேன்.” பின்மூடியைத் திறந்து படம் கேட்டேன். அதுவும் வந்தது. சுத்தமான மெஷின், எச்எம்டி என்று பொறித்திருந்தது. இதற்கு மேல் ஒரு வாடிக்கையாளர் என்னதான் கேட்க முடியும்?

வாட்ச் சிவப்பு வெல்வெட் பெட்டியில் வந்தது. புதுத் தோல் பட்டை, கண்ணாடி மேல் பிளாஸ்டிக் ஒட்டு. கையை நீட்டிப் பார்த்தால் அழகாகத்தான் இருந்தது. 10 மடங்கு லென்ஸை வைத்ததும் சாயம் வெளுத்துவிட்டது. 5-ன் வயிறு உப்பி, உள்ளே இருக்க வேண்டிய இடைவெளி கறையாக அடைந்திருந்தது. “பைலட்” என்ற எழுத்தின் ஓரங்கள் மழையில் நனைந்த போஸ்டர் போல ஊறிப்போயிருந்தன. இரண்டு முள்ளையும் 12-ல் சேர்த்து நிறுத்தினால், வெளிவட்டத்தின் நிமிடக் கோடு முள்ளுக்கு நேராக இல்லாமல் இடது பக்கம் தள்ளி நின்றது. எண்களில் இருந்த ரேடியம் பச்சைப்பசேல் என்று கெட்டியாக இருந்தது. முள்ளில் இருந்ததோ காய்ந்து பழுப்பேறி வெடித்திருந்தது. ஒரே நாளில் ஒரே தொழிற்சாலையில் பூசியிருந்தால் இரண்டும் சேர்ந்துதானே மூத்திருக்கும்?

டயலில் அச்சிடுவது சின்ன வேலை இல்லை. எழுத்துகளைப் பள்ளமாகச் செதுக்கிய தகட்டில் மையைப் பூசி வழிப்பார்கள். பள்ளத்தில் தங்கிய மையை மெத்தென்ற சிலிக்கோன் உருண்டை ஒற்றி எடுத்து டயல் மேல் அழுத்தும். அதனால் தொழிற்சாலை எழுத்து எவ்வளவு பொடியாக இருந்தாலும் ஓரம் கூராக இருக்கும். பக்கவாட்டு வெளிச்சத்தில் மை லேசாக மேடுதட்டி நிற்பதும் தெரியும். என் பழைய ஜனதாவில் “17 ஜுவல்ஸ்” (மெஷினுக்குள் தேய்மானத்தைக் குறைக்க வைக்கும் பொடிக் கற்களின் எண்ணிக்கை) என்ற எழுத்து இத்தனை வருஷம் கழித்தும் அப்படித்தான் இருக்கிறது. அதன் பக்கத்தில் இந்த “புது” பைலட்டை வைத்துப் பார்த்தால் பள்ளிப் பிள்ளைகளுக்கே வித்தியாசம் தெரியும்.

திருச்சி மெயின்கார்டு கேட் பக்கம் எனக்கு வழக்கமாக வாட்ச் பார்க்கும் பாய் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கொண்டுபோனேன். பின்மூடியைத் திறந்து, மெஷினைப் பார்ப்பதற்கு முன்னால் மூடியின் உள்பக்கத்தைத்தான் லென்ஸில் பார்த்தார். “இங்க பாருங்கம்மா” என்று என்னிடம் நீட்டினார். ஊசியால் கீறிய குட்டிக் குட்டிக் குறிகள். ஒவ்வொன்றும் வேறு வேறு கையெழுத்து. வாட்சைச் சர்வீஸ் செய்யும் ரிப்பேர்க்காரர்கள் தங்கள் நினைவுக்கு இப்படி மூடிக்குள் கீறி வைப்பது பழைய வழக்கம். ஒரு கீறலில் 86 என்று வருஷம் தெளிவாகவே தெரிந்தது. ஒருமுறைகூடக் கட்டாத வாட்சை எதற்கு இத்தனை பேர் திறந்து பார்த்திருக்கிறார்கள்?

பிறகு டயலைக் கழற்றினார். ஒவ்வொரு டயலுக்கும் பின்னால் பொடிப்பொடியாக இரண்டு செம்புக் கால்கள் இருக்கும். அவை மெஷினில் உள்ள துளையில் உட்காரும். இதில் இரண்டையும் வெட்டிவிட்டு, பசை வைத்து ஒட்டியிருந்தார்கள். நிமிடக் கோடு 12-க்கு நேராக நிற்காததன் காரணம் அதுதான். அந்தப் பசை துணுக்காக உதிர்ந்து பல்சக்கரத்தில் சிக்கினால் வாட்சே நின்றுபோகும் என்றார் பாய். டயலின் விளிம்பில், கறுப்பு பெயின்ட் முடியும் இடத்தில், நகக்கண் அளவுக்கு ஒரு வெள்ளித் திட்டு மிச்சம் இருந்தது.

“இது பைலட்டே இல்லம்மா. ஏதோ வெள்ளை டயல் வாட்ச். சுரண்டிட்டு கறுப்பு அடிச்சிருக்கான். கேஸையும் பஃப் போட்டு தேய்ச்சு மழுங்கடிச்சு மேல முலாம் விட்டிருக்கான்.”

விற்றவரைக் கூப்பிட்டேன். அவர் சொன்ன பதிலுக்காகத்தான் முக்கியமாக இந்தப் பதிவு. ஏனென்றால் உங்களிடமும் இதையேதான் சொல்வார்கள். “மெஷின் ஒரிஜினல் எச்எம்டிதானே மேடம்? அப்ப வாட்ச் ஒரிஜினல்தான்.” கீறல்களைப் பற்றிக் கேட்டால், “ஸ்டாக்ல கெடந்தா ஆயில் காயும்ல, அப்பப்ப சர்வீஸ் பண்ணியிருப்பாங்க” என்றார். எழுத்தில் தந்த பதிலை அவருக்கே திருப்பி அனுப்பியதும் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்.

மெஷின் ஒரிஜினல் என்பது உண்மை. ஏமாற்று வேலையே அந்த உண்மைக்குள்தான் இருக்கிறது. ஜனதாவுக்குள் ஓடுவதும் பைலட்டுக்குள் ஓடுவதும் ஒரே 0231 மெஷின்: 17 ஜுவல்ஸ், கையால் சாவி கொடுப்பது, விநாடிக்கு ஐந்து துடிப்பு. எனவே மெஷின் படத்தை எத்தனை கோணத்தில் அனுப்பினாலும் அது பைலட் என்பதற்கு ஆதாரம் ஆகாது. டயலும் முள்ளும் கேஸும்தான் ஒரு வாட்சைப் பைலட் ஆக்குகின்றன. இதில் அந்த மூன்றிலுமே கை வைத்திருந்தார்கள். 4,800 ரூபாய்க்கு எனக்குக் கிடைத்தது யாருடைய கையிலோ பல வருஷம் ஓடிய ஒரு சாதாரண எச்எம்டி, அதுவும் முகத்தைச் சுரண்டிவிட்டு.

எனக்குப் பணத்தைவிட அந்த வெள்ளித் திட்டுதான் ஆறவில்லை. 86-ல் ஒரு மனிதர் அதைக் கழற்றிக் கொடுத்துச் சர்வீஸ் செய்து வாங்கிப் போயிருக்கிறார். டயல் கொஞ்சம் மங்கியிருக்கும், ஓரத்தில் புள்ளி விழுந்திருக்கும், அவ்வளவுதான். அதை அப்படியே துடைத்து 1,500 ரூபாய்க்கு விற்றிருந்தால் சந்தோஷமாக வாங்கிக் கட்ட என்னைப் போல எத்தனையோ பேர் இருக்கிறோம். அந்த டயல்களை எச்எம்டி இனிமேல் அச்சடிக்கப் போவதில்லை. சுரண்டிய ஒவ்வொன்றும் கணக்கிலிருந்து போனதுதான். மறுபடி அச்சடித்த டயல் என்று வெளிப்படையாகச் சொல்லி, அதற்கேற்ற விலையில் விற்பவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. தெரிந்து வாங்குகிறவர்கள் தெரிந்தே வாங்குகிறார்கள். அதையே கம்பெனி டயல் என்று கைகூசாமல் எழுதிக் கொடுப்பதுதான் மோசடி.

வாங்குவதாக இருந்தால் இவற்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வெயிலில், பக்கவாட்டு வெளிச்சம் படும்படி, டயலின் கிட்டத்துப் படம். முள் இரண்டும் 12-ல் சேர்ந்து நிற்கும் படம். மெஷினை மட்டும் காட்டினால் போதாது, பின்மூடியின் உள்பக்கமும் தெரிய வேண்டும். தர மறுத்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். கேஸில் பட்டை மாட்டும் கொம்புகளின் விளிம்பு மழுங்கி வழவழவென்று இருந்தால் பஃப் போட்டது என்று அர்த்தம். ரேடியம் இரவெல்லாம் பளிச்சென்று ஒளிர்ந்தால் பெருமைப்பட வேண்டாம், 40 வருஷப் பழைய ரேடியம் அப்படி ஒளிராது. ஆரஞ்சு, ஊதா டயல்களும், விமானப்படை, ராணுவச் சின்னங்களைப் பெரிதாக அடித்த டயல்களும் வந்தால் முதலில் சந்தேகப்படுங்கள். புதிதாகவே வேண்டுமென்றால், எச்எம்டி வாட்சஸை மூடினாலும் அதன் தாய்க் கம்பெனியான எச்எம்டி பெங்களூரில் தன் பெயரில் இன்றும் வாட்ச் விற்கிறது, அங்கே வாங்கலாம்.

சீக்கோ 5-லும் இதே கதைதான், இன்னும் பெரிய அளவில். 70, 80-களின் பழைய வாட்சுகளுக்கு வண்ணவண்ணமாக டயல் அடித்துக் குவித்திருக்கிறார்கள். டயலின் அடி விளிம்பில், 6-ஐ ஒட்டி, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஓர் எண் அச்சிட்டிருக்கும். அது 7009 என்று தொடங்கினால் பின்மூடியிலும் 7009 என்றே தொடங்க வேண்டும். அந்த எண்ணே இல்லையென்றால், அல்லது குழம்பிக் கிடந்தால், வாங்காதீர்கள். பின்மூடியில் உள்ள வரிசை எண்ணின் முதல் இலக்கம் வருஷத்தின் கடைசி இலக்கம், இரண்டாவது இடத்தில் இருப்பது மாதத்தைக் குறிக்கும். விற்பவர் சொல்லும் வருஷத்தோடு அது பொருந்துகிறதா என்று பாருங்கள். கேசியோ எஃப்-91டபிள்யூவில் வலது பக்கப் பொத்தானை மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால் திரையில் கேசியோ பெயர் வரும். இப்போது சில போலிகளும் அதைக் காட்டுகின்றன, ஆகவே அதை மட்டும் நம்பாமல் பில்லோடு நல்ல கடையில் வாங்குங்கள். அந்த விலைக்கு ரோட்டோரம் வாங்கி மிச்சம் பிடிக்கப் பெரிதாக ஒன்றுமில்லை.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசிப் புகாரைப் பதிவு செய்யுங்கள். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்வரை இருந்தால் கட்டணமும் கிடையாது. நான் கொடுத்தவை: டயல் பற்றிக் கேட்ட கேள்வியும் பதிலும் உள்ள ஸ்கிரீன்ஷாட், யுபிஐ பரிவர்த்தனை எண், அனுப்புநர் முகவரி உள்ள பார்சல் கவர், பிரிக்கும்போது எடுத்த வீடியோ, கால் வெட்டிய டயலின் படம். பாயிடம் கேட்டு, அவர் பார்த்ததை அவர் கடை பில்லிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கினேன். போனில் கேட்காமல் எழுத்தில் கேட்டதால்தான் இன்று கையில் ஏதாவது இருக்கிறது. நீங்களும் எழுத்திலேயே கேளுங்கள், “ஒரிஜினலா?” என்று கேட்காமல், “டயல் மறுபடி அச்சடித்ததா?” என்று கேளுங்கள்.

இன்னொன்று: கோபத்தில் அந்த வாட்சை விற்றுவிடவோ, டயலை மாற்றச் சொல்லிக் கொடுத்துவிடவோ வேண்டாம். புகார் முடியும்வரை வந்தபடியே, அதே பெட்டியில் இருக்கட்டும்.